தேர்வீதி காத்த மகமை

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் காவிரிக்கும் இடையே பரந்து கிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளியில் கிழமையின் பெயரால் வழங்கும் ஊர்கள் உள. சேலம் மாநகரின் நடுவே வாணிபத்துக்குப் பேர்பெற்று விளங்குவது செவ்வாய்ப்பேட்டை. சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குச் செல்லும் பெருவழியில் அமைந்திருப்பது புதன்சந்தை. இறைவன் பெயராலும் அரசன் பெயராலும் ஊர் அமைதல் தமிழகத்திற் பெருவழக்கு. சந்தை கூடும் நாளின் பெயரே ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டமை, அவ்வூர் எதனால் வளர்ந்தது என்பதை ஒளிவுமறைவின்றிக் காட்டுவதாகும். வாரத்தில் ஆறு நாள் பொட்டலாய்க் கிடக்கும் வெளி, ஏழாம் நாள் வண்டிகளும் பொதிமாடுகளும் வந்து சேர்ந்தவுடன் ஊராகும். சந்தைக்கு வந்தோர் நாளடைவில் நிலைக்கடை வைப்பர். கடை வைத்தோர் கோயில் எடுப்பர். முன்னரே கோயில் இருப்பின் அதற்கு விளக்கிடுவர். நம் நாட்டுப் பேட்டைகளின் வரலாறு பெரும்பாலும் இதுவே.

ஆயின் ஈண்டு ஒரு வினா எழுகின்றது. ஒரே தெருவில் ஒரே சரக்கை விற்கும் இருவர் இயல்பாகவே போட்டியாளர். ஒருவர் கடையில் ஆள் ஏறினால் மற்றவர் கடையிற் குறையும். அங்ஙனமிருக்க, அவ்விருவரும் சேர்ந்து தெருவுக்கு விளக்கிட்டதும், குளத்துக்குப் படி கட்டியதும், தேருக்கு வடம் வாங்கியதும் யாங்ஙனம் நிகழ்ந்தன? பக்தியினால் என்று ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். அது மெய்யே, எனினும் முழு விடையாகாது. பக்தியுடையோர் எல்லா ஊரிலும் உளர். ஆயினும் தேர் ஓடும் ஊரும் உண்டு. தேர்ச்சக்கரம் மண்ணிற் புதைந்து கிடக்கும் ஊரும் உண்டு. இவ்வேறுபாட்டின் காரணத்தை நாடிச் சென்றால், மகமை என்னும் பழைய ஏற்பாடு புலப்படும்.

மகமையாவது, வணிகர் தம்முட் கூடித் தம்மீது தாமே விதித்துக்கொண்ட பொதுப்பங்கு. மூட்டைக்கு இவ்வளவு, பொதிக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என வரையறை செய்து, சரக்கு நிறுக்கப்படும்போதோ கைமாறும்போதோ அச்சிறு தொகையைத் தனியே எடுத்து வைத்து, பேரேட்டில் தனிப்பற்று எழுதி, குறித்த நாளில் ஊர்ப்பொதுவிற் செலுத்துவர். அரசன் கட்டளையிட்டு வாங்குவது அன்று; ஆகவே அது வரியாகாது. மனம் வந்தபோது கொடுத்து வராதபோது விடுவதும் அன்று; ஆகவே அது வெறும் கொடையும் ஆகாது. இரண்டுக்கும் நடுவே நின்ற கடமை அது.

அதன் நுட்பம் அளவிலே இருக்கிறது. ஒரு மூட்டையின் விலையை நோக்க மகமை துரும்புக்குச் சமானம். கொடுப்பவர்க்கு நோவு தோன்றாது. ஆயினும் ஆண்டு முழுதும் ஆயிரக்கணக்கான மூட்டைகள் தராசேறும் பேட்டையில் அத்துரும்புகள் சேர்ந்து ஒரு மண்டபத்தைத் தாங்கும் தூணாகும். மேலும், ஆதாயத்தின்மீது விதிக்காமற் சரக்கின்மீது விதித்தமையால், இவ்வாண்டு ஆதாயம் இல்லை என்று ஒருவர் ஒதுங்க வழியில்லை. ஒருவர் ஆதாயத்தை மற்றவர் துருவி அறியவேண்டுவதும் இல்லை. மூட்டை எல்லார் கண்ணுக்கும் தெரிவது. வாணிபம் மெலிந்த ஆண்டில் மகமையும் தானே மெலியும். எவரும் கடன்பட்டுக் கொடுக்க நேராது. எல்லாரும் ஒரே விகிதத்திற் கொடுத்தலின், கொடுத்தவன் விலையேற்றி விற்று வாடிக்கையை இழப்பான் என்னும் அச்சத்துக்கும் இடமில்லை. விலையிலும் தரத்திலும் போட்டி எப்போதும்போல் நடந்தது. தெரு மட்டும் போட்டிக்குள் அகப்படாமற் பொதுவாக நின்றது. இதனை வகுத்தவர் எவரோ, கணக்கும் மனித இயல்பும் நன்கறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

இவ்வேற்பாடு நேற்று முளைத்ததன்று. கல்லிலும் செம்பிலும் அதற்குச் சான்றுகள் உள. பாண்டிநாட்டுப் பாடல்பெற்ற தலங்களுள் ஒன்றாகிய திருக்கொடுங்குன்றம் இன்று பிரான்மலை என வழங்குகின்றது. அங்கே 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிய கல்வெட்டொன்று உள்ளது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகப் பெருங்குழுவினர், பல நாட்டு நகரத்தாரோடு கூடியிருந்து, தம் சரக்குகளின்மீது ஒரு பங்கு வரையறுத்து, அதனை அத்திருக்கோயிலின் திருப்பணிக்கு அளித்த செய்தியை அது கூறுகின்றது. கொங்கு நாட்டின் கருவூரும் கண்ணபுரமும் அக்கூட்டத்தில் இடம்பெற்றுள்ளன. சரக்குகளின் பட்டியலைக் கண்டால் ஓர் அங்காடியின் நடுவே நிற்பது போலத் தோன்றும். உப்பு, அரிசி, பயறு, மிளகு, பாக்கு, இரும்பு, பஞ்சு, நூல், மெழுகு, தேன் என அன்றாடப் பண்டங்கள் ஒருபுறம். சந்தனம், அகில், பட்டு, பன்னீர் என அரும்பண்டங்கள் மறுபுறம். உப்பு வணிகனும் பட்டு வணிகனும் ஒரே கல்லில் எழுதப்பெற்றனர். உப்பு மூட்டை கொடுத்த பங்கு சிறிது. ஆயினும் அதற்கும் கல்லில் ஒரு வரி உண்டு.

ஐந்நூற்றுவர் கடல் கடந்த இடத்திலும் இம்முறையைக் கைவிட்டாரல்லர். சுமத்திரா தீவின் மேற்குக் கரையில் வாரோசு என்னும் பழைய துறைமுகத்தைச் சார்ந்த லோபு துவா என்னுமிடத்திற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு கி.பி. 1088ஆம் ஆண்டினது. துறைக்கு வரும் மரக்கலத்தார் உரிய பொன்னைச் செலுத்திய பின்னரே உட்புகவேண்டும் என அங்குக் கூடிய ஐந்நூற்றுவர் விதித்தனர். ஆளும் வேந்தனும் மொழியும் வேறான மண்ணிலும், நுழைவாயிலிலேயே பொதுப்பங்கை எடுத்துவைக்கும் பழக்கத்தை அவர் உடன் கொண்டு சென்றனர்.

நம் சமவெளிக்கு வருவோம். திருச்செங்கோட்டுச் செப்பேடுகள் எனப் பெயர்பெற்ற பழஞ்சாசனங்கள், சோழர் காலத்தில் இப்பகுதியை ஆண்ட கொல்லிமழவர் தலைவரின் காலத்தன. தூசியூர்த் திருமூலட்டானத்துப் பெருமானுக்கு அளித்த நிவந்தத்தையும், அவ்வூர் நகரத்தார் செலுத்தவேண்டிய வரி, தண்டம் ஆகியவற்றின் வரையறையையும் அவை தெரிவிக்கின்றன. நகரத்தார் என்பது ஈண்டு வணிக ஊரவையினரைக் குறிக்கும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே கொல்லிமலை அடிவாரத்து நாட்டில் வணிகர் ஓர் அவையாக அமர்ந்து, ஆள்வோனோடு நிலையான வரையறை பேசிக்கொண்டனர் என்பது இதனாற் பெறப்படும். வரையறை இல்லாத இடத்தில் வணிகன் கடை வைக்க அஞ்சுவான். கடை இல்லாத இடத்தில் மூலட்டானத்துக்கு நெய்விளக்கு எங்கிருந்து வரும்? கொங்கின் தென்மேற்கே நொய்யற்கரையை அடுத்த சர்க்கார் பெரியபாளையத்துக் குரக்குத்தளிக் கோயிலில் ஒருபடி மேற்சென்று, உழவர் பேரவையாகிய சித்திரமேழிப் பெரியநாட்டாரும் வணிகரும் ஒன்றுகூடிக் கோயிலுக்குப் பங்களித்த செய்தி 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டிற் காணப்பெறுகின்றது. பட்டணப்பகுடி என்பது அப்பங்கின் அக்காலப் பெயர். விளைவிப்பவனும் விற்பவனும் ஒரே கோயில் முற்றத்திற் கணக்குத் தீர்த்தனர்.

இனித் திருச்செங்கோடு. ஞானசம்பந்தப் பெருமான் கொங்கு நாட்டில் எழுந்தருளியபோது இத்தலத்தைக் கொடிமாடச் செங்குன்றூர் என்று பாடினார். செந்நிறக் குன்றினால் ஊர்ப்பெயர் அமைந்தது. அதனோடு கொடியையும் மாடத்தையும் சேர்த்து வழங்கியமை சிந்திக்கத்தக்கது. மாடங்களிற் கொடி பறக்கும் வளம் வாய்ந்த ஊர் மலையடியில் இருந்தது. திருமுறையில் மலையும் மாடமும் ஒரே பெயருள் அடங்கின. இறைவன் கோயில் மேலே, மக்கள் வாழ்க்கை கீழே என்று பிரித்துக் காணாதது அப்பெயர். அடியார்களைப் பற்றிய குளிர்சுரம் நீங்கத் திருநீலகண்டத் திருப்பதிகம் அருளிச்செய்யப்பெற்றதும் இத்தலத்திலேயே. அதன் பின்னர் அந்நோய் அந்நாட்டைவிட்டே அகன்றது எனச் சேக்கிழார் கூறுவர். ஒருவர் நோய்க்கு ஒருவர் மருந்து என நில்லாமல், நாடு முழுமைக்கும் நலம் விளைந்த நிகழ்ச்சி அது.

மாதொருபாகப் பெருமான் மலைமேல் வீற்றிருக்கின்றார். செங்கோட்டு வேலவரும் ஆதிகேசவப் பெருமாளும் உடன் உறைகின்றனர். ஏறிச் செல்லும் படிவழி ஏறத்தாழ 1,200 படிகளை உடையது. வழிநெடுக மண்டபங்கள். அவற்றுள் ஒன்று செங்குந்தர் மண்டபம். இவ்வூர் நெசவினால் வாழ்ந்த ஊர் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டா. தறியிற் குனிந்து நூலைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிய கைகள், பிறர் ஏறும் மலைப்பாதையிற் பிறர் இளைப்பாற நிழல் அமைத்தன. இப்பகுதியிலுள்ள செங்குந்தர் எழுகரைநாடு என்னும் பெயரால் ஓர் அமைப்புக் கொண்டு தம் பொதுக்காரியங்களை நடத்தி வந்தனர். கரை என்பது பங்கு எனவும் பொருள்படுதல் அறிக.

படிவழியில் அறுபதாம்படி என்றோர் இடம் உண்டு. அறுபது படிகளைக் கொண்ட அப்பகுதியைச் சத்தியப்படி என்றும் கூறுவர். ஊர் வழக்கும், கொடுக்கல் வாங்கல் வழக்கும், பங்காளி வழக்கும் தீராதபோது இங்கே வந்து ஆணையிடுதல் மரபு. அப்படியில் நின்று பொய் சொல்லத் துணிவார் இலர் என்னும் நம்பிக்கை இந்நாட்டில் வேரூன்றியது. வணிக வரலாறு எழுதுவோர் சந்தையையும் சாலையையும் எழுதுவர், இப்படியை விட்டுவிடுவர். அஃது ஒரு பெருங்குறை. பொதுநிதி என்பது பணத்தால் நிற்பதன்று, கணக்கால் நிற்பது. கணக்கு அச்சத்தாலும் அன்பாலும் நிற்பது. நிறுத்தவன் குறைத்துச் சொல்லவில்லை, வாங்கினவன் மறைத்து வைக்கவில்லை என்னும் உறுதி இல்லாத ஊரில் மகமைப்பெட்டி ஒரு மாதத்திற் காலியாகும். முத்திரைத்தாளும் நீதிமன்றமும் அண்மையில் இல்லாத காலத்தில், மலைப்படியே இச்சமவெளி வணிகர்க்குப் பத்திரப்பதிவாக இருந்தது.

வைகாசி விசாகப் பெருந்திருவிழாவில் பெருமான் மலையினின்று இறங்கி ஊருக்குள் எழுந்தருளுவார். ஊர் நடுவே கைலாசநாதர் கோயில். அதனைச் சூழ்ந்து தேர்வீதிகள். எஞ்சிய நாளெல்லாம் மக்கள் மலையேறுகின்றனர். இந்நாள்களில் மலையே இறங்கிக் கடைவீதிக்கு வருகின்றது. பல வகுப்பாரும் பல தொழிலாரும் மண்டகப்படி ஏற்று ஒவ்வொரு நாளை ஒவ்வொருவர் நடத்துவர். தேர் ஓட வேண்டுமாயின் வீதி அகலமாக இருத்தல் வேண்டும், கடைமுகப்பு வீதிக்குள் நீளலாகாது, குழி மேடு நிரவப்பெறல் வேண்டும், சாக்கடை தேங்கலாகாது. ஆண்டுக்கு ஒருமுறை தேர் வருகின்றது என்னும் ஒரே காரணத்தால் ஆண்டு முழுதும் கடைவீதி ஒழுங்காக இருந்தது. நகரமைப்பு நூல்கள் தோன்றுதற்கு முன்னே தேர்ச்சக்கரம் நகரமைப்புச் சட்டமாக விளங்கிற்று என்றால் மிகையாகாது. முகப்பை முழம் முழமாக நீட்டிக்கொண்டு சென்று, பின்பு தேர் திரும்பவில்லை என்று வருந்தும் ஊர்கள் இதனை எண்ணிப் பார்ப்பனவாக.

திருத்தொண்டர் வரலாற்றில் வணிகர் பலர் உளர். அவருள் அமர்நீதி நாயனார் ஒரு கோவணத்துக்கு ஈடாகத் தம் செல்வம் முழுதையும் துலாக்கோலில் ஏற்றி, அதுவும் நிறையாமை கண்டு, மனைவியோடும் மகவோடும் தாமே தட்டில் ஏறினார். வணிகரின் அன்றாடக் கருவியாகிய தராசே அவருக்கு வீட்டுலகக் கதவாயிற்று. திருவொற்றியூர்க் கலிய நாயனாரோ செக்குத் தொழிலர். விளக்குத் திருப்பணியில் தம் பொருளெல்லாம் கரைந்தபோது, தம் மரபினரிடமும் எண்ணெய் கிடையாதொழிய, கூலிக்கு உழைத்தும் போதாமல், இறுதியில் தம் கழுத்தை அரிந்து குருதியால் விளக்கெரிக்கத் துணிந்தார். இறைவன் கைப்பிடித்துத் தடுத்தாட்கொண்டான். அத்திருத்தொண்டின் உயர்வு சொல்லொணாதது. எனினும் அக்கதையின் மற்றொரு பக்கத்தையும் சேக்கிழார் மறைக்கவில்லை: அங்காடி முழுதும் அன்று ஒதுங்கி நின்றது. எல்லாச் செக்கும் ஓர் உழக்கு எண்ணெய் தந்திருக்குமாயின் விளக்கு எரிந்திருக்கும். நாயன்மாரைப்போல் ஒருவர் வாய்ப்பது யுகத்துக்கு ஒருமுறை. சாதாரண மனிதர் சிறிது சிறிதாகக் கொடுத்தே விளக்கு அணையாமற் காக்க வகுத்த வழி மகமை.

மகமையின் புகழைக் கூறுமிடத்து அதன் குறையை மறைத்தல் அறமாகாது. பொது என்னும் சொல்லுக்கு அக்காலத்தார் கொண்ட எல்லை குறுகியது. பெரும்பாலும் ஒரு குலத்தாரின் மகமை அக்குலத்தார்க்கே பொதுவாயிற்று. சுமை தூக்கியவரும், தெருவைப் பெருக்கியவரும், தேர்வடத்துக்குத் தோல் உரித்துக் கொடுத்தவரும் அக்கணக்கில் இடம்பெறவில்லை. சிலர் கொடுத்தும் உள்ளே வரப்பெறவில்லை. தென்பாண்டி நாட்டு நாடார் வணிகர் வரலாறு இதற்குச் சான்று. விருதுநகரில் உறவின்முறை மகமையாலும் வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடியரிசியாலும் 1889ஆம் ஆண்டிற் சத்திரிய வித்தியாசாலை தோன்றியது. பின்னாளில் முதலமைச்சராகி நாட்டுக்கே கல்விக்கண் திறந்த காமராசர் பயின்றது அப்பள்ளியிலேயே. அத்தகைய கட்டுப்பாடும் ஈகையும் உடைய அவ்வகுப்பார் 1897ஆம் ஆண்டு கமுதி மீனாட்சிசுந்தரேசுவரர் கோயிலுட் புகுந்தபோது, அது குற்றமென வழக்காயிற்று. கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்ற அவ்வழக்கு 1908ஆம் ஆண்டில் அவர்க்கு மாறாகவே முடிந்தது. எல்லா உயிர்க்கும் தந்தையாகிய பெருமானின் வாயிலை மனிதர் சாத்திவைத்த காலம் அது. 1939ஆம் ஆண்டில் மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலில் நுழைவு நிகழ்ந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் மாகாண முழுதும் கதவுகளைத் திறந்தது. அதன் பின்னரே, ஊர்க்கோயில் என்னும் தொடரில் உள்ள ஊர் என்பது முழுப்பொருள் பெற்றது. பழைய மகமையை இன்று மீட்க விழைவோர் அதன் பழைய எல்லையையும் சேர்த்து மீட்டுவிடாதிருத்தல் வேண்டும்.

சேலத்தில் பொதுமை வேறொரு வடிவிற் காணப்படும். சுகவனேசுவரர் கோயில் நகர் நடுவே விளங்குகின்றது. அருணகிரிநாதர் திருப்புகழ் பெற்ற தலம். அதன் அண்மையிற் கோட்டை மாரியம்மன். எட்டுப்பேட்டைக்கும் தலைவி என்று அவ்வம்மையை மக்கள் போற்றுவர். ஆடித் திங்களில் கோட்டையிற் பூச்சாட்டு நிகழப் பேட்டைதோறும் மாரியம்மன் விழா தொடங்கும். அம்மாபேட்டை நெசவு, செவ்வாய்ப்பேட்டை மொத்த வாணிபமும் வெள்ளிக்கொலுசும், குகை கைத்தொழில் என்று பேட்டைகள் தொழிலால் வேறுபட்டன. வழிபாட்டால் ஒரு நகரமாயின. குகையின் வண்டிவேடிக்கை நாடறிந்தது. புராணக் காட்சிகளை உருவமைத்து அலங்கரித்த வண்டிகள் தெருவிற் பவனி வரும். ஒவ்வொரு வண்டிக்குப் பின்னும் ஒரு தெருவாரோ ஒரு குழுவாரோ இருப்பர். எந்த வண்டி சிறந்தது என்பதிற் கடும்போட்டி உண்டு. போட்டியால் நன்மை பெறுவது விழா.

செவ்வாய்ப்பேட்டையை அடுத்த லீ பஜார் தானியம், பருப்பு, வெல்லம் முதலியவற்றின் மொத்தச் சந்தை. அதனருகே அமைந்த இருப்புப்பாதை நிலையத்துக்கே மார்க்கெட் என்று பெயர். அம்மண்டிகளில் ஒவ்வொரு நாளும் இறங்கும் மூட்டைகளை எண்ணிப் பார்ப்பவர்க்கு, மூட்டைக்கு ஒரு சிறுகாசு என்னும் பழைய கணக்கின் வலிமை விளங்கும்.

இதே சமவெளியில் அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று மகமையின் மறுபிறப்புப் போலத் தோன்றும். இரண்டாம் உலகப்போரில் மலாயா, சாவா முதலிய நாடுகளினின்று சவ்வரிசியும் மாவும் வரத்து நின்றபோது, 1943ஆம் ஆண்டளவிற் சேலத்து வணிகர் மாணிக்கஞ் செட்டியார் முயற்சியால் மரவள்ளிக் கிழங்கினின்று சவ்வரிசி செய்யும் தொழில் இங்கே தோன்றிற்று. சேலம், ஆத்தூர், இராசிபுரம், நாமக்கல் வட்டாரங்களில் ஆலைகள் பெருகின. ஆயின் ஒவ்வோர் ஆலையாரும் தனித்தனியே தரகரிடம் முன்பணம் வாங்கி, அவர் சொன்ன விலைக்குச் சரக்கை விட்டனர். ஒருவர் விலை குறைத்தால் மற்றவரும் குறைத்தே தீரவேண்டும்; உழைத்தவர் மெலியத் தரகர் தழைத்தனர். 1981ஆம் ஆண்டில் ஆலையார் ஒன்றுகூடிச் சேகோசர்வ் எனச் சுருங்க வழங்கும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். உறுப்பினர் மூட்டைகளைச் சங்கக் கிடங்கிற் சேர்ப்பர், மாதிரிகள் வைக்கப்பெறும், வாங்குவோர் ஒப்பந்தப்புள்ளி இடுவர், விற்குமுன்னரே கிடங்குச் சரக்கின்மீது முன்பணம் பெறவும் வழி உண்டு. தராசு தனியார் கையினின்று பொதுவிடத்துக்கு வந்தது, அவ்வளவே மாற்றம். அம்மாற்றத்தால் தொழில் நிமிர்ந்தது. 2023ஆம் ஆண்டிற் சேலம் சவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றது. வடநாட்டார் ஏகாதசியிலும் சிவராத்திரியிலும் நோன்புணவாக உண்ணும் சவ்வரிசியிற் பெரும்பகுதி இச்சமவெளி மண்ணில் விளைந்த கிழங்கு என்பது பலர் அறியாத செய்தி. திருச்செங்கோட்டிலும் வேளாண்மை உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் பருத்தியும் மஞ்சளும் எள்ளும் பொது ஏலத்தில் விலைபோகின்றன. அங்கும் தராசு பொதுவே.

இவையெல்லாம் சரக்குக்கு நிகழ்ந்த ஒற்றுமை. கடைவீதிக்கு அஃது இன்னும் முழுமையாக நிகழவில்லை. நகரங்கள் பெருத்தமையால் பேருந்து நிலையங்கள் ஊர்ப்புறத்துக்குச் செல்கின்றன. நாமக்கல்லில் 2024ஆம் ஆண்டு இறுதியில் நகர் நடுவினின்று முதலைப்பட்டிக்குப் பேருந்து நிலையம் மாறியது. நெரிசல் குறைந்தது என்போர் உளர். கோட்டைச் சுற்றுவட்டத்துச் சிறுகடைகள் வாடிக்கையை இழந்தன என்போரும் உளர். இரண்டும் மெய்யே. நரசிங்கப் பெருமாள் குடைவரையும், எதிரே 18 அடி உயர ஆஞ்சநேயரும் இடம் மாறப்போவதில்லை. ஆதலின் அவ்வீதிக்கு மக்கள் வருவர். வருபவர் நிற்க நிழலும், குடிக்க நீரும், செருப்பு வைக்க இடமும், செல்லத் தூய வீதியும் இருந்தால் நின்று வாங்குவர். இல்லையேல் தரிசித்தவுடன் திரும்புவர். பேருந்து கொண்டுவந்த கூட்டத்தைத் தெய்வம் கொண்டுவரும். அதனைத் தங்கவைப்பது கடைவீதியார் கையில் இருக்கிறது.

சேலத்தில் மாறாக, நகர் நடுவிலிருந்த பழைய பேருந்து நிலையம் சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ் ஈரடுக்காகக் கட்டப்பெற்று 2023ஆம் ஆண்டில் அதே இடத்திற் திறக்கப்பெற்றது. பணி நடந்த ஆண்டுகளிற் சுற்றுக்கடைகள் பட்ட இன்னல் பெரிது. அவ்வாண்டிலேயே சுகவனேசுவரர் கோயிலுக்கும் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கும் குடமுழுக்கு நிறைவேறியது. ஒரே ஆண்டில் நகரின் நடுவிடத்துக்குப் பேருந்தும் திரும்பிற்று. இரு திருக்கோயில்களும் புதுப்பொலிவு பெற்றன. அரசு பெருந்தொகையைக் கட்டடத்துக்குத் தரலாம். நாள்தோறும் வீதியைக் கூட்டுவதும், கடை மூடும் வேளையில் விளக்கு எரிவதும், கோடையிற் தண்ணீர்ப் பந்தல் வைப்பதும் அரசாணையால் நிகழா.

குடமுழுக்கு நிறைந்தபின் திருக்கோயில்களிற் காணும் ஒரு காட்சி உண்டு. குழல்விளக்கின்மேல் உபயகாரர் பெயர் எழுதப்பெற்றிருக்கும். சில வேளை பெயர் விளக்கொளியை மறைக்கும். பெருங்கொடையாளரைக் குறைகூற இது சொல்லப்பெறவில்லை. அவர் இன்றிக் கோபுரம் எழாது. ஆயினும் எழுந்த கோபுரத்தின்மேற் பன்னிரண்டு ஆண்டுக்குள் ஆலமரக் கன்று முளைக்கும். அதைப் பிடுங்கும் கூலிக்கு எவரும் கல்வெட்டுப் பொறிப்பதில்லை. பிரான்மலைக் கல்லில் உப்பு வணிகன் ஒருவனுடைய பெயரும் இல்லை. மூட்டைக்கு அவன் எவ்வளவு தந்தான் என்பது மட்டும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றது.